பாலாற்றங்கரையில் ஒரு கண்டி மன்னர்



பூமியில் பயணம் செய்து, முன்சென்ற சமூகங்களின் முடிவு எவ்வாறு அமைந்தது என்பதைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. இந்த அழைப்பைக் கேட்கும்போது நமது சிந்தனை உடனே தூரதேசங்களை நோக்கிச் சென்றுவிடுகின்றது. ஸமூத் சமூகத்தின் பாறைக் குடைவுகளும், ஸபா நாட்டில் உடைந்துபோன மஃரிப் அணையும், நைல் நதிக்கரையின் பிரமிட்டுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் படிப்பினைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிறருடைய அழிவைப் பார்த்துப் படிப்பினை பெறுவது எளிது. நமது சொந்த வரலாற்றின் இடிபாடுகளுக்கு முன்னால் நின்று படிப்பினை பெறுவதே கடினமானது. அத்தகைய ஒரு கடினமான பாடத்தைக் கடல் கடந்து சென்ற ஓர் ஊரில் நான் கற்றுக்கொண்டேன். அதனையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கண்டியில் எனது அயலவராக வாழும் ஒரு சிங்கள நண்பர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வரலாற்றுப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். வயதில் எனக்குத் தந்தை போன்றவர். நான் அவரை ‘சேர்’ என்று அழைப்பேன். அவர் என்னை ‘மௌலவி’ என்று அழைப்பார். 2018 மார்ச் மாதத்தில் திகனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட அந்த நாட்களில், இரவு முழுவதும் எங்கள் வீட்டு வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்தவர் அவர். எனவே, அவர் இருதயச் சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டின் வேலூருக்குச் செல்ல நேர்ந்து, “எனக்கு அங்குள்ள மொழி தெரியாது, மௌலவி” என்று கூறியபோது, நான் மறுவார்த்தை பேசாமல் உடன் புறப்பட்டேன்.

எனக்கும் வேலூரைக் காண வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. அஃலா ஹழ்ரத் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி அங்குதான் உள்ளது. இலங்கையிலிருந்து கடல் கடந்து சென்று அங்கு ஓதித் திரும்பிய ஆலிம்கள் பலர். எனது உஸ்தாதுமார்களின் உஸ்தாதுமார்களும் அவர்களுள் அடங்குவர். வேலூர் என்றால் பாகியாத் என்பது மட்டுமே எனது மனதில் பதிந்திருந்தது. எனது நண்பருக்கோ வேலூர் என்றால் வேறொன்று. “எங்கள் கடைசி மன்னர் அங்கேதான் இறந்தார்” என்று விமானத்தில் ஏறும்போதே அவர் கூறினார்.

பரிசோதனைகள் முடிந்து அதன் முடிவுகளுக்காகக் காத்திருந்த இரண்டு நாட்கள் எமக்கு ஓய்வாகக் கிடைத்தன. மெதுவாக நடப்பதற்கு வைத்தியர் அனுமதித்திருந்தார். முதல் நாள் காலையில் கோட்டையைப் பார்க்கச் சென்றோம்.

நேயர்களே! வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் காலத்தில் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 133 ஏக்கர் நிலப்பரப்பு. கருங்கல்லால் அமைந்த இரட்டை மதில். அதனைச் சுற்றி அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோவில், ஒரு பள்ளிவாசல், ஆங்கிலேயர் கட்டிய ஒரு தேவாலயம் ஆகிய மூன்றும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. விஜயநகரத்தாருக்குப் பின் பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், இறுதியில் ஆங்கிலேயர் எனக் கைமாறிக் கைமாறி வந்த கோட்டை அது. ஒவ்வொருவரும் இது இனி என்றென்றும் தமக்குரியது என்றே எண்ணியிருப்பர். இன்று அகழியோரத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகள் விளையாடுகின்றனர்.

1799 மே 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் அடைந்தபின், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தினரையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தக் கோட்டைக்கே கொண்டுவந்து காவலில் வைத்தனர். திப்பு மஹால், ஹைதர் மஹால் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கோட்டைக் காவலில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் மீது 1806இல் ஒரு புதிய ஆணை விதிக்கப்பட்டது. இந்துக்கள் நெற்றிக் குறிகளை நீக்க வேண்டும். முஸ்லிம்கள் தாடியை மழிக்க வேண்டும். எல்லோரும் தோற்பட்டை கொண்ட புதிய தலைப்பாகை அணிய வேண்டும். இரு சமயத்தாரும் ஒருங்கே புண்பட்டனர், ஒருங்கே எழுந்தனர். 1806 ஜூலை 10ஆம் திகதி விடியுமுன் எழுந்த அந்தக் கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் மாண்டனர். கோட்டையில் மைசூரின் கொடி ஏற்றப்பட்டது. அதே நாளிலேயே ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லஸ்பி என்ற தளபதி கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இங்குதான் நமது நாட்டின் கதை வந்து சேருகின்றது. திப்புவின் பிள்ளைகள் அகற்றப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்தபின், 1816இல் அதே கோட்டைக்கு மற்றோர் அரச குடும்பம் கைதிகளாக வந்தது. கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அவருடைய அரசியரும் உறவினருமே அவர்கள். கோட்டையின் ஒரு பகுதிக்குக் கண்டி மஹால் என்ற பெயர் இன்றுமுண்டு. உள்ளே செல்ல இயலாத கட்டடங்களை வெளியில் நின்றே பார்த்தோம். கண்டியிலிருந்து சென்ற எமக்கு, அந்நிய மண்ணில் நமது ஊரின் பெயரைக் கேட்டபோது ஏற்பட்ட உணர்வைச் சொற்களில் கூறுவது கடினம்.

கோட்டைக்குள்ளேயே அமைந்துள்ள அரசு அருங்காட்சியகத்தில், அந்த மன்னர் பயன்படுத்தியதாகக் காட்டப்படும் தந்தத்தாலான சதுரங்கப் பலகை உள்ளது. நண்பர் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். “முப்பது வருடம் படிப்பித்தேன் மௌலவி, பிள்ளைகளுக்கு 1815ஆம் ஆண்டோடு மன்னரின் கதையை முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு அவர் பதினாறு வருடம் உயிரோடு இருந்தார் என்பதை ஒரு வரியில்தான் சொல்வேன்” என்றார். பதினாறு ஆண்டுகள்! மரத்தாலும் தந்தத்தாலும் ஆன அரசர்களை நகர்த்திக்கொண்டு ஓர் உண்மையான அரசர் கழித்த பதினாறு ஆண்டுகள்.

அவர் யார்? கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தினர் 1739 முதல் கண்டிச் சிம்மாசனத்தில் அமர்ந்தனர். அந்த வரிசையில் நான்காமவரும் இறுதியானவரும் இவரே. 1798இல் ஏறத்தாழப் பதினெட்டு வயதில் மன்னரானார். இன்று நாம் அழகு பார்க்கும் கண்டி வாவியை உருவாக்கியவரும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவரும் அவரே. அதேவேளை, அவருடைய கரங்களில் இரத்தமும் படிந்திருந்தது. 1814இல் தப்பியோடிய எஹலபொல அதிகாரத்தின் மனைவியையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் அவர் கொல்வித்தார். ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த வணிகர் பத்துப் பேரை ஒற்றர்கள் எனக் கருதி அங்கவீனப்படுத்தினார். அதனையே காரணமாகக் காட்டித் தேசாதிபதி றோபேட் பிரவுன்றிக் படையனுப்பினார். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி தும்பறைப் பகுதியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில் பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு நாட்டை ஆங்கிலேய முடிக்குக் கையளித்தனர். 1816 ஜனவரி 24ஆம் திகதி கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் மன்னர் கொழும்பிலிருந்து புறப்பட்டார். 1832 ஜனவரி 30ஆம் திகதி வேலூரில் காலமானார். மீண்டும் ஒருமுறை தமது வாவியை அவர் காணவேயில்லை.

மறுநாள் பாலாற்றங்கரைக்குச் சென்றோம். மன்னருடைய சமாதியும் அவருடைய குடும்பத்தாரின் சமாதிகளும் அங்கே உள்ளன. பிற்காலத்தில் முத்து மண்டபம் என்ற பெயரில் நினைவு மண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. ஆற்றில் நீர் இருக்கவில்லை. மணல் மட்டுமே வெயிலில் மின்னியது. காவலாளியைத் தவிர வேறு எவரும் அங்கு இல்லை. நண்பர் காலணிகளைக் கழற்றிவிட்டு மௌனமாக நின்றார். பின்னர் என்னை நோக்கி, “மௌலவி, இவரை இங்கே கொண்டுவந்தது ஆங்கிலேயர் மட்டுமல்ல. மகுல் மடுவவில் கையொப்பமிட்டவர்கள் எங்கள் ஆட்கள். வழிகாட்டியது எங்கள் எஹலபொல. இதை வகுப்பில் உரத்த குரலில் சொல்ல எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை” என்றார்.

நேயர்களே! அந்த வார்த்தை எனது உள்ளத்தை உலுக்கிற்று. ஏனெனில், அதே வரலாற்றை நானும் பலமுறை மிம்பரிலிருந்து பேசியிருக்கின்றேன். நான் பேசியது என்ன? 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, ஆயிரக்கணக்கானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்று பேசினேன். கண்டி அரசின் மடிகே பத்த என்ற போக்குவரத்துத் திணைக்களத்தில் தவளம் மாடுகளை ஓட்டி, உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கியவர்கள் நமது முன்னோர் என்று பேசினேன். அரண்மனையில் வைத்தியம் பார்த்த கோபால முஸ்லிம் குடும்பத்தைப் பற்றியும் பேசினேன். இவையெல்லாம் உண்மை, நன்றியுடன் நினைவுகூர வேண்டியவை. ஆனால், நான் பேசாமல் விட்டவையும் இருந்தன. நண்பர் தமது பங்கைத் திறந்து வைத்தபின் எனது பங்கை நான் மூடி வைப்பது நீதியாகுமா? அந்தச் சமாதியின் அருகிலிருந்த திண்ணையில் அமர்ந்து அவரிடம் கூறினேன்.

1803இல் ஆங்கிலேயர் முதன்முறையாகக் கண்டியைக் கைப்பற்ற முயன்றபோது இரு பக்கங்களிலும் மலாய் முஸ்லிம்கள் போரிட்டனர். ஆங்கிலேயப் படையின் மலாய்த் தளபதி நூருத்தீன், மன்னருக்குச் சேவை செய்ய மறுத்ததால் கொல்லப்பட்டார். அவருடைய உடன்பிறந்தார் ஒருவரோ மன்னரின் படையில் இருந்தார். அதன்பின் 1817இல், வெல்லஸ்ஸவில் முஸ்லிம்கள் மீதான அதிகாரத்தைச் சிங்களத் திசாவையிடமிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒருவரை மடிகே முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தனர். அவர் அப்பதவியை ஏற்றுக்கொண்டார். ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டெழுந்ததற்கான உடனடிக் காரணங்களுள் அந்த நியமனமும் ஒன்று. கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றனர். ஆங்கிலேயர் சென்னை மாகாணத்திலிருந்தும் படைகளை வரவழைத்து அந்தக் கிளர்ச்சியைக் கொடூரமாக நசுக்கினர். வீடுகளும் வயல்களும் எரிக்கப்பட்டன. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, பின்னர் மக்களின் பக்கம் சேர்ந்த கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தமக்கு விசுவாசமாக இருந்த முஸ்லிம்களை அதே 1818இல் சிங்களப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து நீக்கி, நேரடியாகத் தமது முகவர்களின் கீழ் ஆங்கிலேயர் கொண்டுவந்தனர்.

“இது எனக்குத் தெரியும், மௌலவி” என்றார் நண்பர். “உங்களிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் நீங்கள் நோவீர்கள் என்று நினைத்தேன்.”

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிதானியுங்கள். இருபது ஆண்டுகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தோம். பெருநாள் சாப்பாடும் வெசாக் பலகாரமும் மதிலுக்கு மேலால் கைமாறின. ஆயினும், ஒருவர் மற்றவருடைய மனம் நோகும் என்று அஞ்சி ஒரே வரலாற்றின் இரண்டு பாதிகளைத் தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்தோம். இத்தகைய மௌனம் நல்லெண்ணத்தில் பிறப்பதாயினும், தீயெண்ணம் கொண்டோருக்கே இறுதியில் பயன்படுகின்றது. நாம் சொல்லாமல் விட்டதை வேறொருவன் சந்தியில் நின்று மிகைப்படுத்திச் சொல்லுகின்றான். ஒரு ஹாஜி மரிக்காரை ஒரு முழுச் சமூகமாக்கிக் காட்டுகின்றான். நமது பிள்ளைக்கோ அந்தப் பெயரே தெரியாது. எனவே பதில் சொல்லவும் தெரியாது.

பதில் என்ன? பதவியை ஏற்ற ஒருவரின் செயலுக்கு அவருடைய சமூகம் முழுவதும் பொறுப்பாகாது. கையொப்பமிட்ட பிரதானிகளின் செயலுக்குச் சிங்கள மக்கள் பொறுப்பாகாதது போன்றதே அது. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை. அதேபோன்று, சாட்சியம் கூறும்போது அது நமக்கும் நமது உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்குமாறு சூரா அந்நிஸா கட்டளையிடுகின்றது. வரலாறும் ஒரு சாட்சியம்தான். மிம்பரில் நின்று பாதியைக் கூறிப் பாதியை மறைப்பவன் நீதிமன்றத்தில் அவ்வாறு செய்பவனிலிருந்து எவ்வகையில் வேறுபட்டவன்? இக்கேள்வியை முதலில் எனக்கே நான் கேட்டுக்கொள்கின்றேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலூரில் வெவ்வேறு சமயத்தாரான சிப்பாய்களின் சமய உணர்வை ஒரே ஆணையால் புண்படுத்தியபோது அவர்கள் ஒன்றுபட்டு எழுந்தனர். பதினொரு ஆண்டுகள் கழித்து வெல்லஸ்ஸவில் ஒரு சாராருக்குப் பதவியும் மறு சாராருக்கு அவமானமும் வழங்கப்பட்டபோது அயலவர்கள் பகைவராயினர். ஆட்சியாளர் தரும் சலுகை நம்மை அயலவரிடமிருந்து பிரிக்குமாயின், அதன் விலை மிக அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த விலையைப் பெரும்பாலும் பதவி பெற்றவர் மட்டும் செலுத்துவதில்லை. பல தலைமுறைகளுக்குப் பின் வருபவர்களும் செலுத்துகின்றனர்.

ஆங்கிலேயருக்கு வழிகாட்டியவர்களாவது வாழ்ந்தார்களா? எஹலபொல, தாம் எதிர்பார்த்த அரசுரிமையைப் பெறவில்லை. அவர்மீதும் சந்தேகங்கொண்ட ஆங்கிலேயர் அவரை மொரீசியஸ் தீவுக்கு நாடுகடத்தினர். 1829இல் அங்கேயே இறந்தார். மன்னர் பாலாற்றங்கரையில், மன்னரை வீழ்த்தியவர் இந்து சமுத்திரத்தின் ஒரு தீவில். இருவரும் கண்டி மண்ணில் அடங்கவில்லை. மன்னரின் சிம்மாசனம் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1934இல் திருப்பித் தரப்பட்டு, கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்ணாடிக்குள் இருக்கின்றது. அதில் அமர இன்று எவருமில்லை. அதிகாரம் அல்லாஹ்வுக்கே உரியது. மனிதரிடம் அது சிறிது காலம் தங்கிச் செல்லும் அமானிதம் மட்டுமே.

நண்பரின் பரிசோதனை முடிவு, வல்ல அல்லாஹ்வின் அருளால், அஞ்சியது போல் இருக்கவில்லை. மருந்துகளுடன் ஊர் திரும்பினோம். திரும்பி வந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதில் அவருடன் கண்டி வாவியைச் சுற்றி மெல்ல நடந்தேன். ஆயிரம் தடவை நான் கடந்துசென்ற வாவிதான் அது. அன்று முதன்முறையாக, அதனை அமைத்தவரின் சமாதி எத்தகைய வறண்ட மணலை நோக்கி இருக்கின்றது என்பது நினைவுக்கு வந்தது. “அடுத்த முறை உங்கள் மதரஸாப் பிள்ளைகளை மகுல் மடுவவுக்குக் கூட்டி வாருங்கள், மௌலவி. நான் எங்கள் பாதியைச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் பாதியைச் சொல்லுங்கள்” என்றார் அவர். அவ்வாறே அழைத்துச் சென்றோம். பிள்ளைகள் நாங்கள் அஞ்சிய அளவுக்கு நோகவில்லை. நிறையக் கேள்விகள் கேட்டனர்.

அன்பு நேயர்களே! பயணம் செய்து பார்க்கும்படி நமக்குக் கூறப்பட்டுள்ளது. அதற்குக் கடல் கடக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. நீங்கள் கண்டியில் வசிப்பவராயின் மகுல் மடுவவும் போகம்பறையும் நடைதூரத்தில் உள்ளன. உங்கள் ஊர் எதுவாயினும் அதற்கும் ஓர் இடிந்த மதில், ஒரு பழைய கிணறு, ஒரு கைவிடப்பட்ட பாதை இருக்கவே செய்யும். அங்கே தனியாகச் செல்லாதீர்கள். உங்கள் அயலில் வாழும் மாற்றுச் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததை முதலில் கேளுங்கள். பின்னர் உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் கூறுங்கள்.

உண்மையை உண்மையாகக் கண்டு, அதனை நீதியுடன் எடுத்துரைக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.